யாரும் சாகாத நாற்காலி

தனி வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம், என் மாமனார் தினமும் காலையில் ஹோலின் நடுவில் நின்று ஒரு தடவை இருமிப் பார்ப்பார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

"இன்னும் காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போவார்.

தோட்டத்து லய வரிசையில் இருந்தபோது ஓர் அறையும் இஸ்தோப்பு என்கிற சின்ன முன் விறாந்தையும்தான் எங்களுக்கு. அங்கே மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான் என்று நாலு பேரும் சாமான்களுமாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். ராத்திரி யாராவது புரண்டு படுக்க நினைத்தால் மற்ற மூன்று பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். அதே சாமான்களைக் கொண்டுவந்து டிக்கோயாப் பக்கத்துச் சரிவில் கட்டிய இந்தப் புது வீட்டில் வைத்தால், எது எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு மூலையில் நாலு பிளாஸ்டிக் கதிரைகளும் டீவியும் பயந்துபோனவைபோல ஒட்டிக்கொண்டு நின்றன.

எங்களிடம் பெரிய சாமான் என்று ஒன்று இருந்தது. கல்யாணத்தின்போது டவுனில் வாங்கிய அலுமாரி. பார்வைக்குத் தேக்குப் போல இருக்கும். உள்ளே மரத்தூள் பலகை. எங்கள் ஊர்ப் பனியும் மழையும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் கதவு மூட வரவில்லை. இரண்டாவது வருஷம் திறக்க வரவில்லை. வீடு மாறிய அன்று நாலு பேர் நாலு பக்கமும் பிடித்துத் தூக்கியபோது, மேல் பாதி லொறிக்குப் போனது, கீழ்ப் பாதி லயத்திலேயே நின்றுவிட்டது. வந்த மேல் பாதியை என் மாமியார் கோழிக் கூடாக்கினார்.

நான் தோட்டத்துப் பாடசாலையில் நாலாம் வகுப்பு டீச்சர். அந்த வாரம் எங்கள் வகுப்பில் பாடம், பொருட்களை மீளப் பயன்படுத்தல். "உங்க வீட்டுல எதை மீளப் பயன்படுத்துறீங்க டீச்சர்?" என்று முன் வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நான் யோசித்து, ஜாம் போத்தல் என்றேன். "எங்க வீட்டுலயும் எல்லாமே அப்படித்தான் டீச்சர். அதுக்கு ஒரு பேரு இருக்குன்னுதான் தெரியாது" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. ஆனாலும் எனக்கு வீடு வரும் வரை முகம் சூடாகவே இருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் அறிவித்தேன். இனி இந்த வீட்டுக்குப் புதுச் சாமான் எதுவும் வாங்குவதில்லை. மெத்தையும் பல்பும் தவிர எல்லாம் ஏற்கெனவே யாரோ பாவித்ததாகத்தான் இருக்க வேண்டும். பழைய மரம் ஊறாது, விலையும் குறைவு, புதிதாக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

மாமியார் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். "லயத்துல இருந்தப்பவும் அடுத்தவங்க குடுத்த பழசைத்தான் வச்சிருந்தோம். அப்ப அதுக்குப் பேரு இல்லாமை. இப்ப என்ன பேரு?"

"நிலைபேறு, அத்தை. இயற்கையைக் கெடுக்காம வாழுறது."

"அப்பச் சரி" என்றார். துருவி முடித்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். "எது வேணும்னாலும் வாங்குங்க. ஆனா செத்தவங்க படுத்தது, செத்தவங்க உக்காந்தது ஒண்ணும் இந்த வாசப்படி தாண்டக்கூடாது. புது வீடு."

அந்த விசாரணைப் பொறுப்பை மாமனார் தானாகவே எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் தொரையின், அதாவது தோட்ட மேனேஜரின், பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு வேலையில்லாமல் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

முதலில் கட்டில். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற என் வீட்டுக்காரர், தலவாக்கலையில் ஒருவர் பாவித்த கட்டில் விற்கிறார் என்று பேஸ்புக்கில் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். நல்ல கனமான கட்டில். தலைமாட்டில் மயில் செதுக்கியிருந்தது. நான் மரத்தைத் தட்டிப் பார்த்தேன், வீட்டுக்காரர் ஆணியைப் பார்த்தார், மாமனார் கட்டிலை விற்கிற அந்த நடுவயது ஆளைப் பார்த்தார்.

"இது யாரு படுத்த கட்டிலுங்க?"

"எங்க அப்பா படுத்ததுங்க."

மாமனார் ஓர் அடி பின்னால் வந்தார். "அப்பா இப்ப எங்கங்க?"

"உள்ள சாப்பிடுறாரு."

"கொஞ்சம் பார்க்கலாங்களா?"

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மாமனார் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கட்டிலைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"உடம்பெல்லாம் எப்படிங்க இருக்கு?"

"ஏதோ இருக்கேங்க."

"நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, அந்த மாதிரி ஏதும்?"

"படி ஏறினா கொஞ்சம் வாங்கும்."

மாமனார் என் வீட்டுக்காரரின் காதருகே போய், "இன்னைக்கே தூக்கிருவோம்டா. அவரு முகத்துல களை இல்ல" என்றார்.

அன்றே தூக்கிவிட்டோம். அதற்குப் பிறகும் மாமனாருக்கு மனம் கேட்கவில்லை. பத்து நாளைக்கு ஒருதரம் தலவாக்கலைக்குப் போன் போட்டு அந்தப் பெரியவரின் சுகத்தை விசாரிப்பார். ஆரம்பத்தில் அது கட்டிலுக்காகத்தான். பிறகு இரண்டு பேரும் மழை, மரக்கறி விலை, முட்டிவலி என்று அரை மணித்தியாலம் பேச ஆரம்பித்தார்கள். இந்த வயதில் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தது எங்களுடைய கட்டிலால்தான்.

அடுத்து கர்ட்டன். நுவரெலியாவில் வெளிநாட்டுப் பழைய துணி விற்கிற கடைகளில் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டைத் துணி கிடந்தது. அடர்ந்த பச்சை, கம்பளி போலக் கனம். நாலு ஜன்னலுக்கும் காணும் என்று கண்ணாலேயே அளந்து வாங்கிவிட்டேன். மடிப்பின் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் விரித்தபோதுதான், பச்சைக்கு மறுபக்கம் முழுவதும் பனிமலை, மணி, கொம்பு முளைத்த மான்கள், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தாடிக்காரர். படத்தை மறைக்க இன்னொரு துணி வைத்துத் தைத்தால் கம்பி கனம் தாங்காது. படம் உள்ளே தெரிய வேண்டும், அல்லது வெளியே தெரிய வேண்டும்.

மாமனார் அந்த மானை எங்கள் காட்டு மரை என்று நினைத்து, "மரை நல்லா இருக்கு" என்றார்.

மாமியார் தாடிக்காரரைக் காட்டினார். "இந்தப் பெரியவரு யாரு? உசுரோட இருக்காரா?"

அது கிறிஸ்மஸ் தாத்தா, அவர் சாகிற ஆள் இல்லை என்று விளக்கினேன். உள்ளே சாமி படங்களுக்கு எதிரில் அவர் இருக்க வேண்டாம் என்று மாமியார் தீர்ப்புச் சொன்னதால், படம் வெளியே தெரியும்படி மாட்டினோம். அது ஆடி மாசம். வெளியே தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே குளிர் ஒரு சொட்டு வரவில்லை. ஆகவே எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

மார்கழியில் ஒரு சாயந்திரம், கீழ் வீட்டு வேதக்கார அக்கா தலைமையில் பதினைந்து பேர் கிட்டாரோடும் மேளத்தோடும் எங்கள் வாசலில் வந்து நின்று பாடத் தொடங்கினார்கள். கிறிஸ்மஸ் பாட்டுக் கோஷ்டி. நாங்கள் சைவக்காரர்கள் என்று அந்த அக்காவுக்கு நன்றாகத் தெரியும். "தெரியும்தான். ஆனா உங்க ஜன்னலைப் பார்த்திட்டுப் புள்ளைக எல்லாம் இந்த வீட்டுக்குப் போகாம எப்படின்னு கேட்டுச்சுங்க" என்றார். மூன்று பாட்டும் முடியும் வரை மாமியார் கைகூப்பி நின்றார். எல்லோருக்கும் பிளேன் டீயும் முறுக்கும் கொடுத்தார். அந்த வார வெள்ளிக்கிழமை கோயிலில் கமிட்டித் தலைவர் மாமனாரைப் பிடித்து, "என்னண்ணே, நீங்க அந்தப் பக்கம் மாறிட்டீங்கன்னு பேசிக்கிறாங்க" என்று கேட்டாராம்.

"கர்ட்டன் மாத்தினேன். வேற ஒண்ணும் மாத்தல" என்றிருக்கிறார் மாமனார்.

இப்படியாக வீடு மெல்ல மெல்ல நிறைந்தது. அப்போதுதான் பங்களாச் சாமான் விற்கிற செய்தி வந்தது.

எங்கள் தோட்டத்து மேல் பிரிவில் இருக்கிறது, மாமனார் வேலை பார்த்த அந்தப் பெரிய தொரை பங்களா. அதை யாரோ ஹோட்டல்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த பழைய மரச்சாமான்களையெல்லாம் விற்றுவிட்டு, பழையதுபோலத் தெரிகிற புதிய சாமான்கள் செய்விக்கப் போகிறார்களாம். நான் இதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

விற்பனை நாளன்று மாமனார் விடியற்காலையிலேயே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சாமான். முன் விறாந்தையில் கிடந்த சாய்வு நாற்காலி. அதன் இரண்டு கைகளும் நீளமாக முன்னால் வரும். அவற்றின் மேல் காலைத் தூக்கி நீட்டிக்கொள்ளலாம்.

"சாயந்திரமானா தொரை அதுல சாஞ்சு காலை நீட்டிக்குவாரு. நான் கீழ பாத்தியில நிப்பேன். முகம் தெரியாது. முப்பது வருசத்துல நாலு தொரை மாறினாங்க. நாலு பேரோட உள்ளங்காலும் எனக்கு மனப்பாடம்" என்றார் போகிற வழியில்.

பங்களாவின் புல்தரையில் சாமான்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைத் துண்டு ஒட்டியிருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு ஹோட்டல் ஆள் பொறுப்பாக நின்றார். மாமனார் வாசல் படலையைத் தாண்டியதும் முதல் வேலையாக, பூப்பாத்தியில் கால் வைத்த ஒரு கூட்டத்தைச் சத்தம்போட்டு வெளியே இறக்கினார். பிறகு ஓர் அலுமாரியை ரோஜாச் செடியிலிருந்து நகர்த்தச் சொன்னார். அந்த அதட்டலைப் பார்த்த சனங்கள், இவர்தான் இங்கே காவல் என்று நினைத்துவிட்டார்கள். கழுத்துப்பட்டிக்காரரும் அப்படித்தான் நினைத்தார் என்று படுகிறது. ஒருதரம் அவரிடமே தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

நாற்காலியின் விலைத் துண்டைப் பார்த்ததும் எங்களுக்கு மனம் விட்டுப்போனது. மூன்று மணிக்குள் போகாத சாமான்களின் விலையைப் பாதியாகக் குறைப்பார்கள் என்று கழுத்துப்பட்டிக்காரர் சொன்னார். அப்போது மணி பத்து. மாமனார் நேராகப் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நானும் வீட்டுக்காரரும் மற்றச் சாமான்களைப் பார்த்தோம். கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சின்னப் புத்தக அலுமாரியை எடுத்து வைத்தேன். இடையிடையே திரும்பிப் பார்ப்பேன். யாராவது ஒருவர் நாற்காலியைக் குனிந்து தடவிக்கொண்டிருப்பார். மாமனார் பணிவாக ஏதோ சொல்வார். அவர் கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து, அடுத்த சாமானுக்குப் போய்விடுவார். ஹட்டனிலிருந்து வந்திருந்த ஒரு கடைக்காரர் அதில் உட்கார்ந்தே விட்டார். மாமனார் அவர் காதருகே குனிந்தார். கடைக்காரர் சூடு பட்டதுபோல எழுந்து, வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். சிங்களத்தில் கேட்டவர்களுக்குச் சிங்களத்திலும் சொன்னார். நான் கறையான் கதை ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு விலை பாதியானது. நாலு மணிக்கு, மிஞ்சிக் கிடந்த நாற்காலியைப் பார்த்த கழுத்துப்பட்டிக்காரர், கொடுப்பதைக் கொடுத்துவிட்டுத் தூக்கிப் போங்கள் என்றார்.

லொறியில் வரும்போது கேட்டேன். "எல்லார்கிட்டயும் என்ன மாமா சொன்னீங்க?"

"பழைய தொரை ஒருத்தரு இந்த நாக்காலியில சாஞ்ச மேனிக்கே போய்ச் சேந்துட்டாருன்னேன்."

"உண்மையா?"

"எனக்கென்னம்மா தெரியும். அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. எங்கயாச்சும் ஒரு நாக்காலியிலதான போயிருப்பாரு."

நாங்கள் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி சேர்ந்துவிட்டது. மாமியார் வாசலில் குறுக்கே நின்றார்.

"தொரை செத்த நாக்காலியாமே."

"அது சும்மா சொன்னது புள்ள. விலை குறையணும்னு சொன்ன பொய்யி."

"காலையில இருந்து முப்பது பேருகிட்ட மெய்யின்னு சொல்லியிருக்கீங்க. இப்ப என் ஒருத்திகிட்ட பொய்யின்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது?"

மாமனார் நாற்காலியைத் தாழ்வாரத்துப் பக்கம் திருப்பச் சொன்னார். எனக்கும் மாமியார் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

நாற்காலி வெளியே கூரைத் தாழ்வாரத்தில் நின்றது. மழைச் சாரல் படாமல், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது மாமியார் இடுப்பில் கட்டிய, தண்ணீர் ஊறாத பழைய படங்குத் துணியை அதன் மேல் போர்த்தினோம். அதனால் இன்னும் பயங்கரமாகத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. தொரையின் கையில் கிளாஸ் இருந்ததாம் என்றார் ஒருவர். கிளாஸ் கீழே விழவேயில்லையாம் என்றார் அடுத்தவர். அவர் செத்தது தெரியாமல் பங்களாச் சமையல்கார அப்பு இரண்டாவது கிளாஸும் ஊற்றி வைத்தாராம் என்று மூன்றாம் நாள் வந்தவர் சொன்னார். மாமனார் தன்னுடைய பொய் இப்படி வளர்ந்து திரும்பி வருவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் சாயந்திரம், விறகு எடுக்கப் போனவர் நாற்காலியைத் தாண்டும்போது கொஞ்சம் விலகி நடந்ததை நான் பார்த்தேன்.

"மாமா, நீங்கதானே அந்தக் கதையைச் சொன்னீங்க."

"சொன்னேந்தான். ஆனா இத்தனை பேரு சொல்றாங்களே" என்றார்.

என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். அந்தப் பங்களாவில் பல வருஷம் சமையல் செய்த அப்பு இப்போது கந்தப்பளையில் மகள் வீட்டில் இருக்கிறார். பங்களாவுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. போனைப் போட்டுச் சத்தமாக எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம். மாமியார்தான் பேசினார்.

"அண்ணே, பங்களா முன் விறாந்தையில ஒரு நாக்காலி கிடந்துச்சே, காலை நீட்டுறது. அதுல யாராச்சும் செத்தாங்களா?"

"செத்துச்சு தங்கச்சி" என்றார் அப்பு.

மாமனார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனுக்குத் திரும்பினார். "யாரு?"

"நாயி. தொரையோட கறுப்பு நாயி. வயசாளி. ஒருநாள் மத்தியானம் அதுல ஏறிப் படுத்துச்சு, எந்திரிக்கல. உங்க வீட்டுக்காரருதான் குழி வெட்டினாரு."

"குழி வெட்டினேன்" என்றார் மாமனார் படியிலிருந்து. "ரோஜாவுக்குப் பக்கத்துல. எங்க செத்துச்சுன்னு என்கிட்ட யாரும் சொல்லல."

"சரிண்ணே, தொரை?"

"தொரைக்கு என்ன. கொழும்புல மக வீட்டுல இருக்காரு. தீபாவளிக்குக்கூட என்கிட்ட பேசினாரு. ஏன், அவருக்கு ஏதும் ஆச்சா?"

"இல்லண்ணே. நல்லா இருக்கட்டும்" என்று மாமியார் போனை வைத்தார்.

இனி எல்லாம் அவர் கையில் இருந்தது. செத்தவர்கள் என்று நிபந்தனை போட்டபோது நாயை அவர் நினைக்கவில்லை. நாய்தானேம்மா என்று என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். தாழ்வாரத்துக்குப் போய்ப் படங்கை விலக்கி, நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல நின்றோம்.

"நாயி வைரவரோட வாகனம்" என்றார் கடைசியில். "மனுசன் போனாத்தான் தீட்டு. வைரவரு வாகனம் வந்து படுத்த இடம்னா, அது காவல் இருக்கிற இடம். உள்ள கொண்டாங்க."

மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாற்காலியின் இரண்டு கையிலும் குங்குமம் வைத்தார். ஆனால் உள்ளே கொண்டுபோவது அவ்வளவு சுலபமாக இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கதவின் அளவுக்குச் செய்த நாற்காலி, எங்கள் வீட்டு நிலையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கை வெளியிலேயே நின்றது. முடிவில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து, பிள்ளைப்பேறு பார்ப்பதுபோல ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தோம்.

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். உட்கார்ந்து சாய்ந்தார். ஒரு காலைத் தூக்கி ஒரு கையில் வைத்தார், மற்றதை மற்றதில் வைத்தார். அவருடைய இரண்டு உள்ளங்கால்களும் எங்களைப் பார்த்தன. வெடிப்பு விழுந்த, மண் கறை போகாத கால்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "மலை நல்லாத் தெரியுது" என்றார். எதிரில் இருந்தது டீவி. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு கால் மணி நேரத்துக்குப் பிறகு அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"டேய், இதுல இருந்து எப்படிடா எந்திரிக்கிறது?"

"தொரை எப்படிப்பா எந்திரிப்பாரு?"

"அத நான் பார்த்ததே இல்லையே. அஞ்சு மணிக்கு நான் வீட்டுக்கு வந்திருவேன்."

காலை இறக்கினால் இடுப்பு பள்ளத்துக்குள் போனது. இடுப்பைத் தூக்கினால் கால் மேலே போனது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம்.

அதற்குப் பிறகு நாற்காலி மாமனாருக்குச் சொந்தமாக இருந்தது இரண்டு வாரம். மாமியார் ஒருநாள் முட்டியில் தைலம் தேய்த்துவிட்டுக் கால் நீட்ட இடம் தேடி அதில் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் கூடையைச் சுமந்து மலை ஏறிய கால்கள். உட்கார்ந்தவர் சாயந்திரம் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மாமனார் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நேரம் எனக்கும் குடு" என்பார். "இருங்க, இப்பத்தான் கால் சூடாகுது" என்பார் மாமியார்.

பழைய பிரம்பு அவ்வளவு உழைப்பைத் தாங்கவில்லை. ஒருநாள் பின்னல் நடுவில் கிழிந்து மாமனார் உள்ளே இறங்கிவிட்டார். பிரம்பு பின்னுகிற ஆள் இந்தப் பக்கம் யாரும் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் பொதிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் நாடாவை அறுத்துக் குப்பையில்தான் போடுவார்கள். என் வீட்டுக்காரர் அதைச் சேர்த்துக் கொண்டுவந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பின்னினார். நீலமும் மஞ்சளும். கட்டம் கட்டமாக, பாடசாலை விளையாட்டுப் போட்டிக் கொடி மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு பேர் ஏறி நின்றாலும் அசையாது.

ஹோட்டல் திறந்து சில மாதம் கழித்து, அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அன்று எனக்கு லீவு. மாமியார் நாற்காலியில் கால் நீட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. எந்திரிக்கலைன்னு நினைக்காதீங்க. எந்திரிக்க ஒரு ஆளு வேணும், அவரு கடைக்குப் போயிருக்காரு" என்றார்.

வந்தவர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் விஷயத்தைச் சொன்னார். மற்றதை நான் மாமியாருக்கு மொழிபெயர்த்தேன். செய்வித்த புதுப் 'பழைய' சாமான்களைப் பார்த்துவிட்டு, உண்மையான பழைய சாமான் ஒன்றாவது இல்லையா என்று விருந்தாளிகள் கேட்கிறார்களாம். அதனால் விற்றதில் சிலவற்றைத் திருப்பி வாங்க வந்திருக்கிறாராம்.

"அப்ப ஏன் வித்தீங்க?" என்றார் மாமியார்.

"பழசு என்று நினைத்தோம், அம்மா."

"இப்ப?"

"இப்பத்தான் தெரிந்தது, ரொம்பப் பழசு என்று."

அவர் நாற்காலியைப் பார்த்தார். நீலமும் மஞ்சளும் மாமியாரின் சேலைக்கு இரண்டு பக்கமும் தெரிந்தன. அதைப் பிரித்துவிட்டுப் பிரம்பு போட்டுக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அந்த நேரம் மாமனார் கடையில் வாங்கிய பாண் ரொட்டியோடு உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் வந்தவரின் முகம் மலர்ந்தது.

"ஐயா, நீங்கள்தானே அன்றைக்குச் சொன்னது, ஒரு தொரை இதிலேயே செத்தார் என்று? அந்தக் கதை விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே தனியாக நல்ல விலை தருவோம்."

மாமனார் பாணைக் கீழே வைத்தார். தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பெரிய பொய்க்கு ஒரு விலை வந்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னார். "அது பொய்யுங்க. செத்தது நாயி."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "நாயும் பரவாயில்லை."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். ஹோலில் நல்ல ஒரு சாப்பாட்டு மேசைக்கும் அதைச் சுற்றிக் கதிரைகளுக்கும் இடம் காலியாகக் கிடந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் கீரைத் தண்டை முறித்துச் சட்டியில் போட்டார். "அந்தத் தம்பிகிட்டச் சொல்லு. கதை வேணும்னா அவரு கொண்டு போகட்டும். எங்களுக்கு அது தேவையில்ல. நாக்காலி இருக்கட்டும்."

நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டார். டீ குடித்தார், முறுக்கும் சாப்பிட்டார். நாயின் நிறம் என்ன, எந்த ரோஜாவுக்குப் பக்கத்தில் புதைத்தது என்றெல்லாம் மாமனாரிடம் கேட்டு போனில் எழுதிக்கொண்டார். போகும்போது கர்ட்டனைத் தொட்டுப் பார்த்து, இது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

போன மாசம் ஹோட்டல் ஜெனரேட்டரைப் பார்க்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயந்திரம் வந்து சொன்னார். முன் விறாந்தையில் புதிதாக ஒரு சாய்வு நாற்காலி செய்து போட்டிருக்கிறார்களாம். பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில், எசமானுக்காகக் காத்திருந்து இதிலேயே உயிரை விட்ட நாயின் கதை எழுதியிருக்கிறதாம். வெளிநாட்டுக்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்களாம். ஒரு பெண் அழுததைத் தானே கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்.

"அதுல யாரு உக்காருறா?" என்று கேட்டார் மாமனார்.

"யாரையும் உக்கார விடுறதில்லப்பா. சுத்திக் கயிறு கட்டியிருக்காங்க."

மாமனார் எங்கள் நாற்காலியில் கால் நீட்டியிருந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எதுக்கு நாக்காலி?" என்றார்.